மூன்றரை ஷில்லிங்கும் பத்து ஷில்லிங்கும்

யுத்தம் முடிந்தவுடன் ஜெயித்த சர்க்கார்கள் செய்கிற முதல் வேலை கல் நாட்டுவது. அந்தக் கல்லின்மேல் வீரம், தியாகம், ராஜபக்தி என்கிற மூன்று வார்த்தைகளில் ஒன்றையாவது வெட்டி வைக்காமல் விடுவதில்லை. செத்தவன் எழுந்து வந்து "நான் எங்கே தியாகம் செய்தேன்? என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள்" என்று சொல்லப்போவதில்லை அல்லவா? ஆகவே இந்த வியாபாரத்தில் நஷ்டமே கிடையாது. பூசாரி நம்மிடம் செத்தவனுக்குச் சொர்க்கம் கிடைத்துவிட்டது என்று சொல்லி அரிசியும் காசும் வாங்கிக்கொண்டு போகிறானே, அதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை. இரண்டிலும் சாட்சி சொல்ல வேண்டியவன் வாய் திறக்க முடியாதவன்.

இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்ட சங்கதி ஆப்பிரிக்கா கண்டத்தைச் சேர்ந்தது. கிழக்காப்பிரிக்கப் பீரங்கிப் படையின் 301-வது பீல்டு ரெஜிமெண்டு என்பது அதன் பேர். கெனியா, உகாண்டா, டாங்கனிக்கா முதலிய பிரிட்டிஷ் ஆதிக்க நாடுகளில் 1939-45 யுத்தத்தின்போது திரட்டப்பட்ட மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்புச் சிப்பாய்களிலும் கூலிப்படை ஆட்களிலும் ஒரு சிறு பகுதி இது. "ஆப்பிரிக்காக்காரன் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் கடைசி வரை படித்துவிட்டுப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கட்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

நடந்தது இதுதான். 1944-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் முதல் வாரத்தில் மொம்பாசாவின் கிலிண்டினித் துறைமுகத்திலிருந்து ஐந்து கப்பல்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குக் கிளம்பின. துணைக்கு ஹாக்கின்ஸ் என்ற குரூசர் ஒன்று. பெடார்டு, பாலடின் என்ற நாசகாரிக் கப்பல்கள் இரண்டு. அந்த ஐந்தில் ஒன்றுக்குப் பேர் கெடிவ் இஸ்மாயில். இந்தப் பேரே ஒரு வேடிக்கை. கெடிவ் இஸ்மாயில் என்பவர் 1863 முதல் 1879 வரை எகிப்தை ஆண்டவர்; கடனுக்குமேல் கடன் வாங்கி, சூயெஸ் கால்வாயில் எகிப்துக்கு இருந்த பங்குகளை 1875-ல் பிரிட்டிஷாருக்கு நாற்பது லட்சம் பவுனுக்கு விற்றுவிட்டு, பிறகு அதே ஐரோப்பியர்களாலேயே சிங்காதனத்திலிருந்து இறக்கப்பட்டவர். ஆப்பிரிக்க ராஜா ஒருவரை ஏப்பம் விட்டவர்கள், அவர் பேர் வைத்த கப்பலிலேயே ஆப்பிரிக்கக் குடிகளை ஏற்றி வேறொருவர் ராஜ்யத்தைக் காப்பாற்ற அனுப்பினார்கள்.

கப்பலில் இருந்தவர்கள் மொத்தம் 1,511 பேர். அதில் 996 பேர் இந்த 301-வது ரெஜிமெண்டைச் சேர்ந்த உத்தியோகஸ்தர்களும் சிப்பாய்களும். மற்றவர்கள் கப்பல் மாலுமிகள், பிரிட்டிஷ் கடற்படையினர், தாதிகள், கடற்படையின் பெண் ஊழியர்கள் ஆகியோர். பிப்ரவரி 12, சனிக்கிழமை மத்தியானம். மாலத்தீவுகளின் தெற்கே, ஒன்றரை டிகிரிக் கால்வாய் என்று சொல்லப்படும் கடல் வழியில் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. உள்ளே ஒரு சங்கீதக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. ஐ-27 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி விட்ட டார்பிடோக்களில் இரண்டு வந்து தாக்கின. இரண்டு மூன்று நிமிஷங்களுக்குள் கப்பல் முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது. ஒருவன் சட்டையைக் கழற்றி மாட்டுகிற நேரம்கூட அது அல்ல. செத்தவர்கள் 1,297 பேர். பிழைத்தவர்கள் ஆண்கள் 208 பேர், பெண்கள் 6 பேர்.

தோழர்களே, இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுகிறோம். நாமும் அதிகம் பள்ளிக்கூடம் பார்த்தவர்கள் அல்ல. ஆனாலும் கழித்தல் தெரியும். பிழைத்த 208 ஆண்களும் இந்தப் பீரங்கிப் படைக்காரர்களே என்று வைத்துக்கொண்டாலும், 996-ல் 208 போக 788 பேர் கடலுக்குள் போயிருக்க வேண்டும். ஆனால் பிழைத்தவர்களில் மாலுமிகளும் கடற்படைக்காரர்களும் இருந்திருக்கிறார்கள். ஆகையால் செத்த பீரங்கிக்காரர்கள் 788-க்கும் மேல் என்பதில் சந்தேகமே இல்லை. அதாவது அந்தக் கப்பலில் செத்த ஐவரில் மூன்று பேருக்குக் குறையாமல் இந்த ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள். இது ஒரு ரெஜிமெண்டின் சாவு. யுத்த களத்தின் வாசனையைக்கூட முகராமல், ஒரு குண்டு சுடாமல், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ரெஜிமெண்டே காணாமல் போயிற்று.

நிற்க. இந்தக் கப்பலின் கதையை வெள்ளைக்கார ஆசிரியர்கள் பல தடவை சொல்லியிருக்கிறார்கள். எப்படிச் சொல்லுகிறார்கள் என்பதுதான் நம்முடைய வழக்கு. ஒரு விதம், 77 பெண்கள் இறந்தார்கள், பிரிட்டிஷ் ராஜ்யத்துச் சேவைப் பெண்கள் ஒரே சம்பவத்தில் இவ்வளவு பேர் அந்த யுத்தத்தில் வேறெங்கும் இறக்கவில்லை என்று சொல்லுவது. இது உண்மைதான். அந்தத் தாதிகள் மற்றவர் உயிரைக் காப்பாற்றப் போனவர்கள். அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல நமக்கு எண்ணமில்லை. இன்னொரு விதம், பெடார்டு கப்பல் தலைவரின் மனச்சங்கடத்தைச் சொல்லுவது. அதற்குப் பின்னால் வருவோம். மூன்றாவது விதம்தான் நமக்குச் சிரிப்பை உண்டாக்குகிறது. அந்தக் கப்பலில் காண்டார் டவர் என்ற ஆங்கிலேய யுத்த நிருபர் ஒருவரும் இருந்து இறந்துபோனார். அவர் யாரென்றால், கெனியாவிலிருந்து சிறுத்தைகளைச் சீமைக்குக் கொண்டுபோய், 1937-ல் நாய் ஓட்டப் பந்தய மைதானத்தில் ஓடவிட்டவர். பந்தயம் பார்க்க வந்த கூட்டம், சிறுத்தை எப்படி ஓடிற்று, எப்படி ஓட மறுத்தது என்கிற விவரமெல்லாம் இன்றைக்கும் புத்தகத்தில் கிடைக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து போன சிறுத்தைக்குச் சரித்திரம் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து போன பீரங்கிக்காரனுக்கு "மற்றும் 996 பேர்" என்கிற ஒரு வரிதான் இருக்கிறது.

இந்த 996 பேர் யார், என்ன வேலை செய்கிறவர்கள் என்று பார்ப்போம். பீரங்கிப் படை என்றால் ஏதோ திரியைக் கொளுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொள்ளுகிற வேலை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். திருவிழா அதிர்வேட்டு அல்ல அது. அந்த யுத்தத்தில் பிரிட்டிஷ் பீல்டு பீரங்கி என்றால் 25 ராத்தல் குண்டு போடுவது. ஆறு பேர் சேர்ந்து ஒரு பீரங்கியை நடத்த வேண்டும். குண்டு ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தூரம் போகும். சுடுகிறவன் எதிரியைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. முன்னால் எங்கோ மரத்தடியிலோ மேட்டிலோ உட்கார்ந்திருக்கும் ஒருவன் பார்த்துச் சொல்ல, அது கம்பி வழியாகவோ ரேடியோ வழியாகவோ வந்து, கோணமும் தூரமும் கணக்காக மாறி, கருவியில் திருப்பி வைக்கப்பட்டு, மருந்துப் பை எத்தனை என்று எண்ணிப் போட்டு, பிறகுதான் சுடுகிறார்கள். ஒரு எண்ணைத் தப்பாகத் திருப்பினால் குண்டு எதிரிமேல் விழாமல் சொந்தப் படையின்மேல் விழும். எழுத்தும் எண்ணும் தெரியாதவனை இந்த வேலைக்கு வைக்க முடியாது.

ஆனால் வெள்ளைக்காரர்கள் ஆப்பிரிக்கனைப்பற்றி அதுவரை செய்துவந்த பிரசங்கம் என்ன? இவனுக்கு உடல் வலிமை உண்டு, புத்தி கிடையாது. இன்ன ஜாதியான் சண்டைக்குப் பிறந்தவன், இன்ன ஜாதியான் மூட்டை தூக்கப் பிறந்தவன். படித்த கறுப்பனைப் படையில் சேர்த்தால் கலகம் உண்டாகும், ஆகையால் காட்டுப்புறத்தானைப் பிடி என்பதே. இதைக் கேட்கும்போது நம் வாசகர்களுக்கு எங்கேயோ கேட்ட பாட்டாகத் தோன்றும். தோள் ஒருவனுக்கு, தொடை ஒருவனுக்கு, பாதம் ஒருவனுக்கு என்று பங்குபோட்டு எழுதிய கூட்டம் நம் நாட்டில் மட்டும்தான் இருந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆட்சி செய்கிறவனுக்கு எந்தத் தேசத்திலும் அந்தப் புத்தகம் தானாகவே எழுத வரும். ஆனால் யுத்தம் வந்து கழுத்தில் கத்தி வைத்ததும் அந்தப் பிறவிச் சாஸ்திரம் என்ன ஆயிற்று? சிக்னல் வேலைக்கும், மோட்டார் ஓட்டவும், பீரங்கிக் கணக்குப் போடவும் அதே சர்க்கார் பள்ளிக்கூடத்துப் பையன்களைத் தேடி அலைந்தது. நேற்றுவரை இல்லாத புத்தி இன்று எங்கிருந்து வந்தது? கடவுள் ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து வைத்தாரா? புத்தி முதலிலிருந்தே இருந்தது. பள்ளிக்கூடமும் உத்தியோகமும்தான் இல்லை.

நம் இந்தியாவிலும் இதே நாடகம் நடந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1857-ல் சிப்பாய்கள் கலகம் செய்தபோது பீரங்கிகளும் அவர்கள் கையில் இருந்தன. அந்த ஞாபகத்தில், மலைப் பீரங்கிப் படைகள் சிலவற்றைத் தவிர இந்தியர் பீரங்கிப் படைகளையெல்லாம் பிரிட்டிஷார் கலைத்துவிட்டார்கள். பிறகு இந்தியருடைய பீல்டு பீரங்கிப் படை என்று ஒன்று பெங்களூரில் ஏற்பட்டது 1935 ஜனவரியில். இடையில் 78 வருஷம் இந்தியனுக்குப் பீரங்கி சுடும் புத்தி இல்லாமலா போயிற்று? துப்பாக்கி கொடுப்பான், குதிரை கொடுப்பான், பீரங்கியை மட்டும் தொடாதே என்பான். தொடாதே என்று சொல்லுகிறவன் எல்லாம் எதிரே இருப்பவனுடைய அசுத்தத்துக்குப் பயந்து சொல்லுவதில்லை. அவன் தொட்டுவிட்டால் தன் பிழைப்பு என்ன ஆகும் என்ற பயத்தால் சொல்லுகிறான். பெங்களூர்ப் பீரங்கிக்கும் மொம்பாசாப் பீரங்கிக்கும் இதே நியாயந்தான்.

இனிச் சம்பளத்துக்கு வருவோம். நம் தலைப்பில் உள்ள கணக்கு இதுதான். யுத்தம் முடிந்து சிப்பாய்களை வீட்டுக்கு அனுப்பும்போது, அவர்கள் வேலை செய்த மாதங்களை எண்ணி ஒரு வெகுமதி கொடுத்தார்கள். ஒரு பத்திரிகைக்காரர் பழைய தஸ்தாவேஜு ஒன்றை எடுத்து 2019-ல் வெளியிட்டார். அதன்படி ஆப்பிரிக்கக் காலனியில் குடியிருந்து படையில் சேர்ந்த ஒரு வெள்ளைக்காரச் சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் ஒன்றுக்குப் பத்து ஷில்லிங். அதே அந்தஸ்துள்ள கறுப்புச் சிப்பாய்க்கு மூன்றரை ஷில்லிங். ஒரே வேலை, ஒரே அந்தஸ்து, ஒரே யுத்தம். நாற்பது மாதம் வேலை செய்த வெள்ளையனுக்கு நானூறு ஷில்லிங், கறுப்பனுக்கு நூற்று நாற்பது. இதை யாரோ ஒரு குமாஸ்தா கை தவறி எழுதிவிட்டான் என்று தள்ளிவிட முடியாது. கட்டம் போட்டு, பத்தி பிரித்து, உத்தியோகப் படிக்கு ஒரு விகிதம், தோலுக்கு ஒரு விகிதம் என்று நிதானமாக உட்கார்ந்து தயார் செய்த பட்டியல் அது.

அந்தஸ்து விஷயம் இன்னும் அழகு. கறுப்பன் சார்ஜண்டு ஆகலாம், வாரண்டு உத்தியோகஸ்தன் ஆகலாம். ஆனால் அவனுக்குக் கீழே வந்த வெள்ளைக்கார நான்-கமிஷன் உத்தியோகஸ்தன் எவனுக்கும் அவன் உத்தரவிட முடியாது. 1881-லேயே பிரிட்டிஷ் படையில் சவுக்கடியை எடுத்துவிட்டார்கள், மனுஷத் தன்மைக்கு விரோதம் என்று. ஆனால் இந்த யுத்தத்திலும் ஆப்பிரிக்கச் சிப்பாயின் முதுகில் பிரம்பு விழுந்துகொண்டுதான் இருந்தது. மனுஷத் தன்மை என்பது கடல் தாண்டும்போது நனைந்து கரைந்து போகிற வெல்லம் போலும்!

இதற்குச் சமாதானம் சொல்லும் பண்டிதர்கள் இருக்கிறார்கள். கறுப்பனுடைய வாழ்க்கைச் செலவு குறைவு, ஆகையால் சம்பளம் குறைவு என்கிறார்கள். சரி, செலவு ஏன் குறைவு? மண்குடிசையில் இருப்பதால் குறைவு. ஏன் மண்குடிசை? கையில் காசு இல்லாததால். ஏன் காசு இல்லை? சம்பளம் குறைவாகக் கொடுப்பதால். இப்படிப் பாம்பு தன் வாலைத் தானே விழுங்குகிற தர்க்கத்தை நாம் ஜமீன்தார்கள் வாயிலும் கேட்டிருக்கிறோம், "பண்ணையாளுக்குக் கஞ்சிதானே வேண்டும்" என்று. அன்றியும், டார்பிடோவுக்கு இந்த வாழ்க்கைச் செலவுக் கணக்கு தெரியாது. மூன்றரை ஷில்லிங்காரன் என்று அவனைப் பாதி மூழ்கடித்துவிட்டு விட்டுவிடவில்லை.

"அப்படியானால் நீங்கள் ஜப்பான்காரன் கட்சியா?" என்று ஒரு அன்பர் குறுக்கே கேட்கக்கூடும். இல்லவே இல்லை. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்க் கூலிகளை ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுபோய் சயாம்-பர்மா ரயில் பாதை போடுவதில் ஆயிரம் ஆயிரமாகச் சாகடித்தது அந்த ஜப்பான் சர்க்கார். ஆசியாவின் விடுதலை என்று வாயில் சொல்லிக்கொண்டு கையில் பிரம்பு வைத்திருந்தவர்கள் அவர்கள். அவர்கள் தோற்றது உலகத்துக்கு நன்மை. ஆனால் ஒரு திருடனைப் பிடிக்க உதவிய வேலைக்காரனுக்கு எஜமான் கூலியில் பாதிக்குமேல் திருடிக்கொண்டால், "திருடன் பிடிபட்டானே, அது போதாதா?" என்று அந்த வேலைக்காரனிடம் சொல்லுவது யோக்கியமான பேச்சாகுமா?

பெடார்டு கப்பல் விஷயத்துக்கு வருவோம் என்று சொன்னோம். கப்பல் மூழ்கியபின் கடலில் சில நூறு பேர் மிதந்துகொண்டிருந்தார்கள். பாலடின் படகுகளை இறக்கி அவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தது. நீர்மூழ்கியோ இவர்களுக்கு நேர் கீழேயே போய் மறைந்துகொண்டது. பெடார்டு அதன்மேல் ஆழ்வெடி குண்டுகளைப் போட்டது. தண்ணீருக்குள் வெடிக்கும் அந்தக் குண்டு நீர்மூழ்கியை மட்டும் பார்த்து வெடிப்பதில்லை. மேலே மிதக்கும் மனிதனின் வயிற்றையும் குடலையும் நசுக்கிவிடும். டார்பிடோவுக்குத் தப்பியவர்களில் சிலர் தங்கள் பக்கத்துக் குண்டுகளுக்கே பலியானார்கள். நீர்மூழ்கி மேலே வந்த பிறகு பாலடின் அதை மோதப்போய்த் தன் அடிப்பாகத்தைக் கிழித்துக்கொண்டது. கடைசியில் பெடார்டு ஒன்றன்பின் ஒன்றாக ஏழு டார்பிடோக்களை விட, ஏழாவதுதான் பட்டு ஐ-27 ஒழிந்தது.

அந்தக் கப்பல் தலைவர் கொலைகாரர் என்று நாம் சொல்லமாட்டோம். நீர்மூழ்கி தப்பினால் மற்ற நான்கு கப்பல்களில் உள்ளவர்களும் போயிருப்பார்கள். ஒரு பக்கம் கண்ணெதிரே மிதக்கும் சில நூறு பேர், மறுபக்கம் ஓடிக்கொண்டிருக்கும் நான்கு கப்பல் ஜனம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் செய்தது தப்பு என்று எழுதுவது சுலபம், நமக்கு அந்தத் தைரியம் இல்லை. அவர் கப்பலில் இருந்த மாலுமிகளே அந்தக் குண்டுகளைப் போடும்போது துடித்தார்கள் என்பதையும் நம்புகிறோம். நாம் கேட்பது வேறு. இந்தச் சம்பவத்தைப்பற்றி எழுதியவர்கள் அந்தத் தலைவரின் மனச்சாட்சி என்ன பாடுபட்டிருக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தண்ணீருக்குள் மிதந்துகொண்டு, காப்பாற்ற வருகிறது என்று நினைத்த கப்பல் தன்னை நோக்கிக் குண்டோடு வருவதைப் பார்த்தவனுக்கு ஒரு மனசு இருந்திருக்காதா? அவன் எந்த ஊர்? பெண்டாட்டி பிள்ளை உண்டா? ஜப்பான் எந்தத் திசையில் இருக்கிறது என்றாவது அவனுக்கு யாராவது சொல்லியிருந்தார்களா? சரித்திரம் எழுதுகிறவனுக்குக் கருணை இல்லாமல் இல்லை. அந்தக் கருணை கப்பல் தளத்துக்குமேல் நிற்கிறவன்வரை போய் அங்கேயே நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

எல்லாம் விதி என்று சொல்லுகிற ஆசாமிகளுக்கும் ஒரு வார்த்தை. ஐந்து கப்பல் ஜனத்துக்கு இரண்டே நாசகாரிக் கப்பலைத் துணைக்கு வைத்தது விதி அல்ல, உத்தரவு. ஏறக்குறைய ஒரு முழு ரெஜிமெண்டை ஒரே கப்பலில் அடைத்ததும் உத்தரவு. உத்தரவுக்கு ஒரு ஆபீசும், கையெழுத்துப் போட்டவன் ஒருவனும் உண்டு. விதிக்குத்தான் விலாசம் கிடையாது. ஆகையால்தான் உத்தரவு போட்டவர்களுக்கு விதியின்மேல் அவ்வளவு பிரியம்.

இந்த ரெஜிமெண்டு எதற்காகப் போய்க்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். இலங்கையில் தங்கிப் பயிற்சி பெற்றுவந்த 11-வது கிழக்காப்பிரிக்க டிவிஷன் பின்னர் பர்மாவுக்குப் போயிற்று. 1944-ல் மழைக் காலத்தின் நடுவே, மலேரியாவுக்குப் பேர்போன கபாவ் பள்ளத்தாக்கு வழியாக, சேற்றில் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு நடந்து, டிசம்பரில் சிண்ட்வின் ஆற்றங்கரையில் கலேவாவைப் பிடித்தார்கள். 302, 303 ஆகிய பீரங்கி ரெஜிமெண்டுகள் அந்த டிவிஷனோடு இருந்தன. எந்த மழையில் பிரிட்டிஷ் சேனாதிபதிகள் யுத்தத்தையே நிறுத்திவைப்பது வழக்கமோ, அந்த மழையில் நடந்தார்கள் இவர்கள். அதே படை நடத்தும் யோக்கியதை உள்ள மனிதர்கள்தான் அந்தக் கடலுக்குள் இருக்கிறார்கள்.

நைரோபியில் உள்ள யுத்த மயானத்தில் கிழக்காப்பிரிக்க ஞாபகச் சின்னம் என்று ஒன்று உண்டு. இந்தக் கப்பலோடு போனவர்களை அங்கே நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இதை மறைத்துப் பேசுவது நம்முடைய வழக்கம் அல்ல. ஆனால் அதற்கு முந்திய 1914-18 யுத்தத்தில் நடந்தது என்ன? கிழக்காப்பிரிக்காவில் மூட்டை சுமக்கப் பிடித்துக்கொண்டு போனவர்களில் லட்சம் பேருக்குக் கிட்டத்தட்டச் செத்தார்கள். அவர்களுக்குக் கல்லும் இல்லை, பேரும் இல்லை. கோல்டு கோஸ்டின் கவர்னர் 1923-ல் எழுதியது, சாதாரண சுதேசிக்குத் தலைக்கல்லின் அருமை விளங்காது என்கிற பொருளில். காமன்வெல்த் யுத்த சமாதிக் கமிஷனே 2021-ல் ஒரு விசாரணை அறிக்கை போட்டு, குறைந்தது 1,16,000 பேர், முக்கியமாய் ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், பேரில்லாமலோ அடியோடு நினைவே இல்லாமலோ விடப்பட்டார்கள், அது மூன்றரை லட்சம்வரைகூட இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் யுத்த மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். நூறு வருஷம் கழித்து! செத்தவனுக்குக் கல் விளங்காது என்று சொன்னவர்கள், உயிரோடு இருக்கும்போது அவனுக்கு வரி ரசீது விளங்கும் என்று எப்படிக் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை.

உயிரோடு ஊருக்குத் திரும்பியவன் கதை என்ன ஆயிற்று? கெனியாவில் நல்ல மண்ணுள்ள மேட்டு நிலங்களெல்லாம் வெள்ளையருக்கே என்று 1939-ல், யுத்தம் ஆரம்பித்த அதே வருஷத்தில், சட்டபூர்வமாக எல்லை கட்டிவிட்டார்கள். யுத்தம் முடிந்ததும் வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் கொண்டுவந்து அந்த நிலத்தில் குடியேற்றத் திட்டம் போட்டார்கள். அதே யுத்தத்தில் அவர்கள் பக்கத்தில் நின்றவனுக்கு அந்த மேட்டு நிலத்தில் ஒரு முழம் கிடையாது. அவனுக்குக் கிடைத்தது கிபாண்டே. கிபாண்டே என்றால், ஆப்பிரிக்க ஆண் ஒவ்வொருவனும் கைரேகையும் வேலை செய்த எஜமானின் குறிப்பும் உள்ள தாளை ஒரு தகரக் குப்பியில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிய வேண்டும் என்று 1919-20 முதல் அங்கே நடந்த ஏற்பாடு. மாட்டுக்கு மணி கட்டுவதுபோல. பர்மாவிலிருந்து வந்தவன் கழுத்திலும் அதே தகரம்தான். பர்மாவில் சண்டை போட்ட வருஹியு இடோட்டே என்பவர், பின்னர் 1952-க்குப் பிறகு அதே பிரிட்டிஷாரை எதிர்த்துக் கெனியா மலைக் காட்டில் மௌ மௌ படையை நடத்தினார். இதைக் கேட்டு நன்றிகெட்டவர்கள் என்று சொன்ன பத்திரிகைகளும் இருந்தன. மூன்றரை ஷில்லிங்குக்கு எவ்வளவு நன்றி விற்கும் என்று அந்தப் பத்திரிகைகள் விலைப் பட்டியல் எதுவும் போட்டதாகத் தெரியவில்லை.

தோழர்கள் இந்தக் கப்பல் கதையை டீக்கடையிலோ, வாசகசாலையிலோ, கூட்டத்திலோ எடுத்துச் சொல்ல நேர்ந்தால், ஒரே ஒரு வேண்டுகோள். முதலில் 301-வது ரெஜிமெண்டு என்று சொல்லுங்கள். பிறகு 996 என்று சொல்லுங்கள். அதன்பின் மூன்றரை, பத்து என்கிற இரண்டு எண்களையும் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது சிறுத்தைப் பந்தயத்தைப்பற்றிக் கேட்டால், நேரம் மீதி இருந்தால் அதையும் சொல்லலாம்.